கோழிக் கூண்டைக் கழுவினேன்

நான் வீட்டு வேலை செய்பவள். ஜனக்புரியில் நாலு வீடு. முதலில் துடைப்பம் போட வேண்டும், பிறகு போச்சா. ஈரத் துணியால் தரை துடைப்பதற்கு டெல்லியில் அதுதான் பெயர். வாளித் தண்ணீரில் ஒரு மூடி பினாயில் ஊற்றுவேன். துணியை முக்கிப் பிழிந்து, குந்தி உட்கார்ந்து, பின்னால் நகர்ந்துகொண்டே துடைப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அழுக்கைப் பார்த்தால் கை தானாக வாளியைத் தேடும்.

பக்கத்து வீட்டு அக்காவின் கோழிக் கூண்டையும் அப்படித்தான் கழுவினேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

அக்கா எனக்கு உறவு இல்லை. அவளும் கள்ளக்குறிச்சிப் பக்கம், நானும் அந்தப் பக்கம். எங்கள் சந்தில் பாதிப்பேர் அப்படித்தான். அவள் சித்தாள் வேலை பார்த்தவள். டெல்லியில் எத்தனையோ மாடிக்குச் செங்கல் சுமந்திருக்கிறாள். மெட்ரோவில் போகும்போது ஜன்னல் வழியாகச் சில கட்டடங்களைக் காட்டி, "இதுல மூணாவது மாடி நான் தூக்கினது" என்பாள். புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகளை சூரத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

போன வருடம் குளிர் முடிகிற நேரத்தில் சாரத்திலிருந்து விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊரிலிருந்து அவள் அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் கேட்டேன்.

"அங்க தனியா இருந்து இன்னா பண்ணப் போற? இங்க வந்துடு. ஒரு ஓரமா இருந்துக்க. கஞ்சி ஊத்த மாட்டமா?"

"பாக்கலாம்ணா."

"இன்னா பாக்கலாம். கார்த்திகைக்கு நானே வந்து கூட்டிக்கினு போறேன். பொருள கட்டி வையி."

போனை வைத்த பிறகு அக்கா கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஓரமா இருந்துக்கவாம்," என்றாள். "முப்பது வருஷமா நடு வூட்ல இருந்தவடி நான்."

அவளிடம் ஆறு பெட்டைக் கோழிகள் இருந்தன. பகலில் மொட்டைமாடியில் திரியும், இருட்டினால் கூண்டில் அடையும். அதைப் பார்த்துத்தான் கோழி வளர்த்து விற்கலாம் என்ற யோசனை அவளுக்கு வந்தது. எங்கள் ஆட்களுக்கு பிராய்லர் பிடிக்காது. பண்டிகைக்கும், பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைக்கவும் நாட்டுக்கோழிதான் கேட்பார்கள். டெல்லியில் அது லேசில் கிடைக்காது. கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்தாள். அவர் ஹரியானாப் பக்கமிருந்து ஒரு அட்டைப் பெட்டியில் முப்பது குஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். பொரித்து ஒரு நாள் ஆனவை.

"இதுங்க தேறி வந்துட்டா அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்," என்றாள். "நான் உக்காந்த எடத்துலயே பொழைச்சிக்கிறேன், நீ வர வேணாம்னு."

தேறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே அவளுடைய டிரங்குப் பெட்டி இருந்தது. அண்ணன் போன் செய்த மறுநாளே அதைத் தூசி தட்டி வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும்.

முதல் மூன்று வாரம் குஞ்சுகள் அவள் அறையிலேயே இருந்தன. அதே அட்டைப் பெட்டி, மேலே ஒரு குண்டு பல்பு, கீழே இந்திப் பேப்பர். பேப்பரைத் தினமும் இரண்டு தடவை மாற்றுவாள். ஒன்று மட்டும் வந்த அன்றே செத்தது. மற்ற இருபத்தொன்பதும் நன்றாக இருந்தன. அறை முழுக்க ஓயாத கத்தல்.

"பத்து மருமவ இருக்கிற வூடு மாதிரி இருக்குது," என்று சிரிப்பாள்.

இறகு முளைத்ததும் பெட்டி பத்தவில்லை. மாடிக் கூண்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய கதவுப் பலகை, கம்பி வலை, மேலே தகரம். பெரிய கோழிகள் அடைகிற அதே கூண்டுதான். அக்காவால் ஏணி ஏற முடியாது. எங்கள் இரண்டு வீட்டு மாடியும் ஒட்டி இருக்கும், நடுவில் முழங்கால் உயரச் சுவர். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மாடிக்குப் போவேன். எச்சத்தைச் சுரண்டி, நாலு வாளி தண்ணீர் ஊற்றி, பினாயில் போட்டு, துடைப்பத்தால் தேய்ப்பேன். அவள் வீட்டுக்குக் கல் பலகைக் கூரை. மேலே செய்வதெல்லாம் கீழே கேட்கும். படுத்தபடியே குரல் கொடுப்பாள்.

"வந்துட்டியாடி?"

"வந்துட்டேன் அக்கா."

"எத்தினி?"

"இருபத்தொம்போது."

"சரி."

மரத்தூள் போடச் சொல்லியிருந்தாள். தச்சுப் பட்டறையில் ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தேன். கழுவி முடித்ததும் அந்த ஈரத்தின் மேலேயே மரத்தூளைப் பரப்பிவிட்டு ஓடுவேன். ஏழு மணிக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும். அது மழைக்காலம். மழை இல்லாத நாளிலும் புழுக்கம். ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் வரை மரத்தூளுக்குள் இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. துணி காயப்போட மாடிக்கு வரும் பெண்கள் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

வேலை செய்யும் வீடுகளிலிருந்து காய்கறித் தோல் கொண்டுவருவேன். அந்த வாரம் ஒரு வீட்டில் தினமும் பீட்ரூட் ஜூஸ் போட்டார்கள். சக்கையும் தோலும் ஒரு டப்பா நிறையக் கிடைத்தது. குஞ்சுகள் அடித்துக்கொண்டு தின்றன. அதனால் எச்சத்தில் சிவப்பைப் பார்த்தபோது நான் பதறவில்லை. பீட்ரூட் என்று நினைத்தேன். கழுவிவிட்டேன். மறுநாளும் சிவப்பு. அதையும் கழுவிவிட்டேன்.

பிறகு அந்த வீட்டம்மா ஊருக்குப் போனார். பீட்ரூட் நின்றது. சிவப்பு நிற்கவில்லை.

நாலைந்து குஞ்சுகள் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு. குளிரில் நிற்பது மாதிரி. எனக்கோ முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. தீனி போட்டேன். மற்றவை ஓடிவந்தன, அவை அசையவில்லை. ஒன்றைத் தூக்கினேன். கையில் எடையே இல்லை. கொண்டை வருகிற இடம் வெளுத்துப்போயிருந்தது. அதன் பின்பக்கம் என் உள்ளங்கையில் பட்டு ஈரமாக ஆனது. ரத்தம்.

மறுநாள் காலை இரண்டு செத்துக் கிடந்தன.

"எத்தினி?"

"இருபத்தேழு."

"பூனையா?" என்றாள்.

"இல்லக்கா. கழிச்சல். ரத்தமா போவுது."

"வெள்ளையா போறது கேள்விப்பட்டிருக்கேன். ரத்தமாவா?"

அவள் மஞ்சளும் பூண்டும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தாள். உருண்டை பிடித்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தேன். மருந்துக்கடையில் சத்து டானிக் வாங்கித் தண்ணீரில் கலந்தேன். எதிர் வீட்டு அம்மா கண்பட்டுவிட்டது என்றார். கூண்டில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டச் சொன்னார். கட்டினேன். அது இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. அவிழ்த்தால் அவர் வருத்தப்படுவார்.

"நீ இவ்ளோ சுத்தமா வெச்சிருக்க," என்றாள் அக்கா. "அப்பறம் எப்பிடிடி சீக்கு வருது?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. சுத்தம் போதவில்லை என்று நினைத்தேன். காலையில் கழுவியது போதாமல் சாயங்காலமும் வந்து கழுவினேன். ஒரு மூடி பினாயிலை இரண்டாக்கினேன். நாலு வீடு துடைத்துவிட்டு வந்த கை. வலிக்கத்தான் செய்தது. பரவாயில்லை என்று தேய்த்தேன்.

இருபத்துமூன்று ஆயின. அன்று காலை அக்கா எத்தனை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இறங்கிப்போய்ப் பார்த்தேன். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு மேலே இருந்தது. உள்ளே ஒரு கம்பளியை மடித்து வைத்திருந்தாள்.

"சும்மாதான்," என்றாள். "பூச்சி அரிக்காம இருக்கும்னு."

அடுத்த நாள் இன்னொன்று செத்தது. நான் லீவு கேட்டுப் போன் செய்தேன். என்ன காரணம் என்று முதல் வீட்டம்மா கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"கோழிக்காகவா சுட்டி?" என்று இரண்டு தடவை கேட்டார். சுட்டி என்றால் லீவு. ஆமாம் என்றேன். அந்த வீட்டு நாய்க்கு வயிறு கெட்டபோது இரண்டு பேர் ஆபீஸ் போகவில்லை. அதை நான் சொல்லவில்லை.

செத்த குஞ்சை பாலிதீன் பையில் போட்டேன். சீக்காக இருந்த ஒன்றைத் துணிப்பையில் வைத்து, மூக்கு மட்டும் வெளியே தெரிய முடிந்தேன். பஸ் ஏறி கவர்மெண்ட் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பேசியதெல்லாம் இந்தியில். தமிழில் எழுதுகிறேன். தீதி என்றால் அக்கா, பையா என்றால் அண்ணன்.

பெஞ்சு முழுக்க நாய்கள். பெரிய மஞ்சள் நாய் வைத்திருந்த ஒருவர் என் பையைப் பார்த்தார்.

"என்ன கொண்டுவந்திருக்கீங்க, தீதி?"

"கோழிக்குஞ்சு, பையா."

"பயப்படாதீங்க. என் நாய் ஒண்ணும் செய்யாது."

"செத்ததை ஒண்ணும் செய்யாது. இன்னொண்ணு உயிரோட இருக்கு."

அவர் நாயை இழுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நாயை எதிர்பார்த்து நிமிர்ந்தார். நான் பையைப் பிரித்ததும் முகம் சுளிக்கவில்லை. கையுறை போட்டு, செத்த குஞ்சை ஒரு தட்டில் வைத்து வயிற்றை அறுத்தார். குடல் முடிகிற இடத்தில் விரல் மாதிரி இரண்டு பை இருந்தது. இரண்டும் கறுத்து உப்பியிருந்தன. கத்தியால் தொட்டதும் உள்ளேயிருந்து கட்டி ரத்தம் வந்தது.

"எத்தனை வாரக் குஞ்சு?"

"அஞ்சாவது வாரம்."

"பெரிய கோழி கூடவே இருக்கா?"

"ஆறு இருக்கு. அதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை."

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. பழகிடுச்சு." ஒரு காகிதத்தில் கோழி வரைந்து எனக்குச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர். பெரிய கோழியின் குடலில் சும்மா கிடக்கும். எச்சத்தோடு வெளியே விழும். விழுந்த உடனே அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டு நாளில் பழுக்கும். அதைக் குஞ்சு கொத்தித் தின்னும். உள்ளே போய் ஒன்று நூறாகி, குடலை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த ரத்தம்தான் இது.

"தரை ஈரமா இருக்கா?"

"தினமும் கழுவுறேன் மேடம். பினாயில் போட்டு. இப்ப ரெண்டு வேளையும்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். என் கையைப் பார்த்தார். என் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கி இருக்கும்.

"வீட்டு வேலை செய்றீங்களா?"

"ஆமா."

"யாராவது கழுவச் சொன்னாங்களா?"

"இல்லை. நானாத்தான்."

அவர் திட்டவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பினாயிலுக்கு அது சாகாது தீதி. கொதிக்கிற தண்ணிக்குச் சாகும். வெயில்ல நல்லா காய்ஞ்சாலும் சாகும். தரை காய்ஞ்சு இருந்திருந்தா இவ்வளவு போயிருக்காது."

பிறகு வரிசையாகச் சொன்னார். நான் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டேன். ஆம்ப்ரோலியம் என்று ஒரு பொடி. பாக்கெட்டில் போட்ட அளவுக்குக் குடிதண்ணீரில் கலக்க வேண்டும். ஐந்து நாள் அந்தத் தண்ணீர் மட்டும்தான், வேறு தண்ணீர் கண்ணில் படக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாரம் பாதி அளவு. சீக்கானதைத் தனியே எடுக்க வேண்டும். பெரிய கோழியையும் பிரிக்க வேண்டும். தீனித் தட்டையும் தண்ணீர்த் தட்டையும் செங்கல் மேல் வைக்க வேண்டும், எச்சம் விழாமல். தரையைக் கொத்திக் கிளறிக் காயவிட வேண்டும்.

டானிக் கொடுக்கிறேன் என்றேன். புட்டியை வாங்கிப் படித்தார்.

"இதை நிறுத்துங்க. இதுல இருக்கிற விட்டமின் அந்த உயிருக்கும் தீனி. மருந்து வேலை செய்யாது."

நான் நல்லது என்று செய்ததெல்லாம் அந்த மேசையில் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தது. செருப்பு கட்டியதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, டாக்டர் மருந்து கொடுத்தார் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். மிச்சம் வாயில் வரவில்லை. பொடியைக் கலந்து வைத்தேன். பெரிய கோழிகளை என் மாடிக்கு மாற்றி, பழக்கூடையைக் கவிழ்த்து அடைத்தேன். ஈர மரத்தூளை முழுக்க வாரிச் சாக்கில் கட்டினேன். மூட்டையில் மிச்சமிருந்ததும் ஈரம்தான். அதை என் அறையில் தரை முழுக்கப் பரப்பி ஃபேனைப் போட்டேன். மூன்று நாள் மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்றேன். கூண்டுத் தரையில் ஒரு தடவை மட்டும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு கரி அடுப்பைக் கொண்டுபோய் வைத்துக் கல்லைக் காயவைத்தேன். குஞ்சுகள் அதுவரை அட்டைப் பெட்டியில் இருந்தன. கல் காய்ந்ததும் சுண்ணாம்பு தூவி, அதற்குள் உலர்ந்திருந்த மரத்தூளை மட்டும் மேலே போட்டு, குஞ்சுகளைத் திரும்ப விட்டேன்.

அன்று சாயங்காலம் மழை வந்தது. தகரத்துக்கு அடியில் ஒரு பக்கமாகத் தண்ணீர் புகுந்து பாதிக் கூண்டை நனைத்துவிட்டது.

மறுநாள் காலை நனைந்ததை வாரிக்கொண்டிருந்தேன். வாளி இல்லை, துடைப்பம் இல்லை. இன்னும் இரண்டு போயிருந்தன. இருபது. கீழேயிருந்து குரல் வரவில்லை. இறங்கி அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்திருக்கியா?" என்றாள். "தண்ணி சத்தம் கேக்கல. இன்னைக்கி நீ வரலன்னு நெனைச்சேன்."

"இனிமே ஊத்த மாட்டேன்க்கா."

"ஏன்?"

"தண்ணியாலதான் செத்துது. நான் கழுவினேன் பாரு, அதாலதான். டாக்டரம்மா அறுத்துப் பாத்து சொன்னாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். பீட்ரூட்டையும் சொன்னேன். நேற்றே சொல்லாததையும் சொன்னேன்.

அக்கா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"படுத்துக்கினே கேப்பேன்," என்றாள் கடைசியில். "மேல தண்ணி ஊத்தற சத்தம். எனுக்கோசரம் ஒருத்தி வேல செய்யறான்னு இருக்கும். கேக்க நல்லா இருக்கும்டி."

நான் கதவோரம் நின்றேன்.

"பேப்பர தினம் மாத்தினனே நானு. காய்ஞ்சி இருக்கணும்னு தெரிஞ்சா மாத்தினேன்? எழுந்து கழுவ முடியல, அவ்ளோதான். கால் நல்லா இருந்தா நானும்தான் கழுவியிருப்பேன்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூக்கைச் சிந்தினாள். முகம் வேலைக்குப் போகிற முகமாக மாறியது.

"மழத் தண்ணி எந்தப் பக்கமா பூந்துச்சி?"

"தண்ணித் தொட்டிப் பக்கம்."

"வாட்டம் அந்தப் பக்கமா இருக்குது?"

"வாட்டம்னா?"

"மாடியில தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் ஓடுதுடி?"

"மறுபடி ஊத்தச் சொல்றியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்ததில் கால் வலித்து, தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் வரைந்து காட்டினாள். கூண்டுக்கு அடியில் இரண்டு வரி செங்கல். நடுவில் காற்று போக இடைவெளி. செங்கலின் மேல் பலகை, பலகை மேல் மரத்தூள். தகரத்தை எல்லாப் பக்கமும் ஒரு சாண் வெளியே இழுக்க வேண்டும். தொட்டிப் பக்கம் சிமெண்டில் சின்னதாக ஒரு வரப்பு. தண்ணீர் வந்தால் அதில் முட்டிச் சுற்றிக்கொண்டு போகும்.

இரண்டு வீட்டில் வேலையை முடித்துவிட்டு மத்தியானமே வந்தேன். சந்து முனையில் உடைத்துப்போட்ட சுவரிலிருந்து செங்கல் பொறுக்கி மேலே ஏற்றினேன். ஒன்பது படி ஏணி. தலையில் ஆறு செங்கலுக்கு மேல் என்னால் முடியவில்லை. அக்கா பன்னிரண்டு தூக்குவாள். நான் வைக்க வைக்க அவள் கீழேயிருந்து சொன்னாள்.

"தட்டிப் பாரு. டொக்குன்னா ஆடுதுன்னு அர்த்தம்."

"ஆடலக்கா."

"எனுக்கே இங்க கேக்குது. எடு, மறுபடி வையி."

"பலகை வெச்சா சரியா பூடும்."

"மேஸ்திரி கிட்ட இப்பிடிச் சொல்லிப் பாரு, கரணையால அடிப்பான். எடுடி."

எடுத்து வைத்தேன். அவளுக்கு மேலே நடப்பது தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். அதிலேயே எந்தக் கல் என்று சொன்னாள். கடைசிக் கல் வைத்தபோது எதுவும் சொல்லவில்லை. அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

சீக்குக் குஞ்சுகள் ஐந்தும் திரும்ப அவள் அறைக்கு வந்தன. அதே பெட்டி, அதே பல்பு, அடியில் பேப்பர். மருந்துத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக வாயில் விட்டாள். ஒன்று அவள் மடியிலேயே செத்தது. துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். மற்ற நாலும் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தன. நாலாம் நாள் பேப்பரில் சிவப்பு இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து மோந்துகூடப் பார்த்தேன். சாதாரண எச்சம்தான்.

அந்த நாலையும் மேலே கொண்டுபோய் மற்றவற்றோடு விட்டதும் குரல் கேட்டது.

"எத்தினி?"

"பத்தொம்போது."

மறுநாள் மறுபடி கேட்டாள்.

"எத்தினி?"

"பத்தொம்போது."

அதற்கு அடுத்த நாளும் பத்தொன்பது. அதன் பிறகு பத்தொன்பது என்பதே எங்களுக்கு வந்துட்டேன் என்று சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

தண்ணீர்ச் சத்தம் இல்லாததால் நான் வந்ததே தெரியவில்லை என்றாள். அதனால் ஏறியதும் தகரத்தில் சுரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். பிறகு வேலை. எச்சக் கட்டியைப் பொறுக்குவேன். மரத்தூளை அடியோடு புரட்டுவேன். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். உருண்டையாக நின்றால் ஈரம், மாற்ற வேண்டும். உதிர்ந்தால் சரி. டாக்டரம்மா அப்படிப் பார்க்கச் சொல்லித் தந்தார். தட்டுகளை மட்டும் கீழே கொண்டுபோய்க் கொதிதண்ணீரில் கழுவி, வெயிலில் கவிழ்ப்பேன். புதுக் குஞ்சு வந்தால் பெரியதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். என் மாடி பெரிய கோழிக்கு, அவள் மாடி குஞ்சுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

மாடிக்குத் துணி காயப்போட வருகிற பெண்கள் இப்போது கேட்கிறார்கள். முன்னே பளிச்சென்று வைத்திருந்தாயே, சோம்பல் வந்துவிட்டதா என்று. ஆமாம் என்பேன். முதலில் கொஞ்ச நாள் எனக்குக் கை அரித்தது. தூளும் எச்சமுமாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வாளி இல்லாமல் இறங்குவது சுலபமாக இல்லை. வேலை செய்யும் வீடுகளில் போய் இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

தீபாவளிக்கு ஏழு சேவல் போயின. சந்திலேயே கேட்டு வாங்கினார்கள். மிச்சம் பன்னிரண்டு பெட்டை. கார்த்திகை நெருங்கும்போது ஒன்று முட்டை வைத்தது. சின்ன முட்டை. அக்கா அதை வேகவைத்து, நூலால் பாதியாக அறுத்து எனக்கு ஒரு பாதி கொடுத்தாள்.

சொன்ன மாதிரி அண்ணன் வந்தார். ரயிலில் இரண்டு நாள். நல்ல மனுஷன். தங்கச்சிக்கு முறுக்கும் கால் வலிக்கு ஒரு தைலமும் கொண்டுவந்திருந்தார். டீ குடித்ததும், "பொருளு கட்டிட்டியா?" என்றார்.

"மேல வா, ஒண்ணு காட்டறேன்," என்றாள் அக்கா.

ஆறு மாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருந்தாலும் அதுவரை அவள் ஏணியில் கால் வைத்ததில்லை. நான் பின்னால் ஏறினேன், விழுந்தால் பிடிக்க. நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துச் சேர்த்து, ஒன்பது படி. மேலே போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முதலில் பார்த்தது கோழியை இல்லை. குனிந்து நான் வைத்த செங்கல் வரியைப் பார்த்தாள். ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

அண்ணன் கூண்டைச் சுற்றிவந்தார். கோழிகளைப் பார்த்தார். கீழே கிடந்த தூளையும் எச்சத்தையும் பார்த்தார். செருப்பையும் பார்த்தார்.

"இன்னாமா இது? கழுவறதே இல்லியா?"

"கழுவ மாட்டோம்ணா. ஈரம் பட்டா குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வரும்."

"முன்ன பத்து செத்துச்சின்னு போன்ல சொன்னியே, அதாலயா? யாரு கழுவினது?"

நான் சுரண்டியைக் கையில் எடுத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"மழண்ணா," என்றாள் அக்கா. "இந்த வருஷம் டெல்லியில மழ ஜாஸ்தி."

அவர் தலையாட்டினார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஒரு பெட்டையைப் பிடித்து, இறக்கையைத் தூக்கிக் காட்டி, இது எப்போது முட்டை வைக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மரத்தூளைப் புரட்டினேன். ஒரு பிடி அள்ளி இறுக்கினேன். உதிர்ந்தது.

அண்ணன் மூன்று நாள் இருந்துவிட்டுத் தனியாகத்தான் போனார். டிரங்குப் பெட்டி இப்போது மாடியில் இருக்கிறது. கோழித் தீனி கொட்டி வைத்திருக்கிறோம். எலி புகாது. நனையாது.